முதலில் மைதானம்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில், கூலிக்குத் தறி வேலை செய்த அப்பாவுக்கும் சாலையோரம் கோழிக்கறிக் கடை போட்ட அம்மாவுக்கும் மகன், கிரிக்கெட் வீரர் நடராஜன். டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர், 2016 தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடரில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்குப் பந்துவீசினார். 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு ஆடினார். பேர் வந்த பிறகு, சொந்த ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023-இல் அதைத் திறந்துவைத்தவர் கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக்.

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை, தோல் ஷாப்பு, நூற்பாலை என்று உழைப்பவர்கள் வீட்டிலும் இப்படிப் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்காக, ஊர்ப் பொட்டலில் மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டிச் சமன் செய்யுங்கள். சாயங்காலம் சொல்லிக்கொடுக்க ஒருவரை நியமியுங்கள். பரிசுக்கோப்பையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.