கையில் ஒரு நோட்டு

கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற அக்காலக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. வேலையும் இல்லை. ஆனாலும் கணித மேதை சீனிவாச ராமானுஜன் முடங்கிவிடவில்லை. கணக்கு எழுதிய நோட்டுகளை எடுத்துக்கொண்டு பலரைத் தேடிப் போய்ப் பார்த்தார். அப்படிக் கிடைத்த அறிமுகங்கள்தான் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலைக்கு வழிவகுத்தன.

எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது. ஆனால், தன் நோட்டோடு மற்றவர்களைத் தேடிப் போனாரே, அதை எல்லோரும் செய்யலாம். அரியர் வைத்திருக்கும் தம்பி, தங்கைகளே! மார்க் ஷீட்டை ஒளித்துவைத்துத் தனியாகத் தவிக்காதீர்கள். புரியாத பாடத்தைப் பேராசிரியரிடம் கேளுங்கள். செய்த புராஜெக்டை சீனியரிடம் காட்டுங்கள். பயத்தை வீட்டில் சொல்லுங்கள். வேலைக்கான வழி பெரும்பாலும் இன்னொரு மனிதர் மூலமாகத்தான் தெரியவரும்.