கேட்பதும் கீழ்ப்படிவதும்

உணவகக் குசினிகளில் வேலைசெய்யும் எம்மவர்களைப் பற்றி முதலாளிமார் சொல்லும் பாராட்டு ஒன்றுண்டு: 'சொன்னதைக் கேட்பார்கள்.' தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல் செவிமடுப்பதையும் வினவுவதையும் கீழ்ப்படிவதையும் குறிக்கிறது. முதலாளி மெச்சுவது கடைசியானதை மட்டுமே. பாஷை தெரியாமல் வாய்மூடி நிற்பதையும் விசாவுக்குப் பயந்து தலையாட்டுவதையும் கிறிஸ்தவப் பொறுமை என்று நாங்களே நம்பிவிடக்கூடாது.

மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், எரிகோவின் வழியோரம் இருந்து பர்திமேயு என்ற குருட்டுப் பிச்சைக்காரன் கூப்பிடுகிறான். சத்தம்போடாதே என்று கூட்டம் அதட்டுகிறது. இயேசுவோ நின்று, அவனை அழைப்பித்து, உனக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்கிறார். குருடனுக்கு என்ன வேண்டுமென்பது யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் அவன் வாயாலேயே அது வரவேண்டுமென்று காத்திருக்கிறார். இங்கே செவிகொடுப்பவர் வல்லமை உள்ளவர், பேசுபவன் தெருவோரத்தான். குசினியில் நடப்பதற்கு இது நேர்மாறு.

1934-35இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலிவேலை செய்தவர் சிமோன் வெய்ல். யூதக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவால் ஈர்க்கப்பட்ட இந்தச் சிந்தனையாளர், அயலவனை நேசிப்பதென்றால் அவன் படும் வேதனை என்னவென்று அவனிடமே கேட்கத் தெரிவதுதான் என்று 1942இல் எழுதினார். இது இலேசான காரியமல்ல. கேட்பவர் தன் கதையை ஒருபுறம் ஒதுக்கி வைக்கவேண்டும்.

எங்களில் பலர் கோப்பை கழுவும் தொட்டியடியில் தொடங்கி அடுப்படிக்கு உயர்ந்தவர்கள். இன்று தொட்டியடியில் நிற்கும் பொடியன் மாலியிலிருந்தோ பங்களாதேசத்திலிருந்தோ வந்தவனாக இருக்கலாம். கொதியெண்ணெய் பட்ட கையை அவன் காட்டும்போது, 'நாங்கள் படாததா?' என்று எங்கள் பழைய கதையைத் தொடங்குவது சுலபம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாட்கள் அவனோடு பேசாமல் தரையில் இருந்தவரை நல்ல சிநேகிதர்கள்தான். அவன் துன்பத்துக்கு விளக்கம் சொல்லப் புறப்பட்டபோதே பிழைவிட்டார்கள்.

சனிக்கிழமை இரவு, ஓடர்கள் குவிந்து கிடக்கையில் இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பின்கதவடியில் சிகரெட் பிடிக்கும் ஐந்து நிமிடம் இருக்கிறது, கடைசி மெற்றோ இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியிடக்கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். எங்களை அப்படி எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் விசா இல்லாதவன் எங்களை நம்பிச் சொன்ன ஒரு சொல் முதலாளியின் காதுக்குப் போனால், அவன் வேலையே போய்விடும். வாயைக் காக்கத் தெரியாதவன் காதுகொடுப்பதில் அர்த்தமில்லை.

பர்திமேயு சொன்னதைக் கேட்டதோடு இயேசு போய்விடவில்லை, பார்வையைக் கொடுத்தார். எங்களிடம் அற்புதம் இல்லை. அந்தப் பொடியன் சம்மதித்தால், அவன் கைக்கு மருந்தும் இரண்டு நாள் ஓய்வும் வேண்டுமென்று முதலாளியிடம் போய்க் கேட்க எங்களால் முடியும். அப்படிக் கேட்டால், 'சொன்னதைக் கேட்பவர்கள்' என்ற நற்பெயர் எங்களுக்கு இல்லாமல் போகலாம். போகட்டும்.