ஊசியைக் கீழே வைக்கும் நேரம்

1995ஆம் ஆண்டு குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், ரபாரி என்ற மேய்ச்சல் சமூகத்தின் ஒரு கிளையான தேபாரியாக்களின் பெரியவர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். தங்கள் வீட்டுப் பெண்கள் இனிமேல் தங்கள் உடுப்புக்கும் வீட்டுக்கும் கையால் பூத்தையல் போடக் கூடாது என்பது முடிவு. அருங்காட்சியகங்கள் தேடி வாங்கி வைக்கிற ஒரு கலையை, அதை உருவாக்கிய சமூகமே தன் வீட்டுக்குள் நிறுத்திக்கொண்டது. கலை கசந்துபோனதால் அல்ல, சீர் கனத்துப்போனதால். மணப்பெண் பூவேலை நிறைந்த ரவிக்கைகளும் பைகளும் விரிப்புகளும் தைத்து எடுத்துக்கொண்டுதான் புகுந்த வீட்டுக்குப் போக வேண்டும். எதிர்பார்ப்பு கூடக்கூட, தைத்து முடிக்கும் காலமும் நீண்டது. கல்யாணம் ஆன பெண்கள் ஆண்டுக்கணக்கில் பிறந்த வீட்டிலேயே ஊசியும் கையுமாகக் காத்திருந்தார்கள். இதைப் படித்த நாள் முதல் இது என்னை விடவில்லை. தடை ஒன்றே என்றால் ஊர்க்கட்டுப்பாடுகளில் இதுவும் ஒன்று என்று கடந்திருப்பேன். அதற்கு அப்புறம் நடந்ததுதான் மனத்தில் தைத்துவிட்டது. அந்தப் பெண்கள் கடையில் ரிப்பனும் லேசும் வளைவு வளைவான பட்டிகளும் வாங்கி, தையல் மெஷினில் ஓட்டி, தங்கள் உடுப்பில் மறுபடியும் வண்ணத்தை வரவழைத்துக்கொண்டார்கள். விற்பதற்காகக் கையால் தைக்கத் தடை கிடையாது. தனக்காகத் தைக்கத்தான் தடை.

அந்த ரிப்பனைச் சுற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வண்ணத்தை விட மனமில்லாமலும், அதற்குக் கொடுத்த காலத்தைத் திரும்பப் பெற விரும்பியும் எடுத்த முடிவு போல அது தெரிகிறது. வண்ணத்துக்கு எவ்வளவு காலம் கொடுப்பது என்பது எங்கும் ஒரு கேள்விதான், ஆனால் பாலைநிலத்தில் அது கூர்மையாகிவிடுகிறது. கட்ச்சில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மழைக்காலத்தில் ரண் என்னும் உப்புச் சமவெளி தண்ணீருக்குள் போய்விடும். மனிதர் நிம்மதியாக வெளியில் நடமாட வாய்ப்பது கார்த்திகை முதல் மாசி வரையிலான சில மாதங்கள். அப்போது ரண் வற்றி வெள்ளையாக வெளுத்துக் கிடக்கும், ஆழமில்லாத நீர்ப்பரப்புகளில் பூநாரைகள் நிற்கும், நலியா போன்ற ஊர்களில் இரவுக் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். கடகரேகை இந்த மாவட்டத்தின் ஊடாகவே போகிறது. ஆகவே நடுக்குளிர்காலத்தில் பகல் பதினொரு மணி நேரம்கூட இருக்காது. காலையில் குளிர் விட நேரமாகும், மாலையில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். நடுவில் மிஞ்சும் அந்த நல்ல வெளிச்சத்தைத்தான் ஊசியும் கேட்கிறது, காலும் கேட்கிறது.

ஊசி கேட்கிற வெளிச்சம் கொஞ்சநஞ்சமல்ல. ரபாரிப் பூத்தையலில் முதலில் சங்கிலித் தையலால் உருவத்தின் கோட்டை இழுக்கிறார்கள். பிறகு ஆப்லா என்ற கண்ணாடிச் சில்லுகளைப் பதிக்கிறார்கள். வட்டம், சதுரம், முக்கோணம், பறவை மூக்கு என்று சில்லுகளே பல வடிவம். சில்லில் துளை கிடையாது. ஆகவே அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டி ஒரு பிடிப்புண்டாக்கி, அந்தப் பிடிப்பைச் சுற்றிலும் நெருக்கமாகத் தைத்து விளிம்பு கட்ட வேண்டும். நூல் தளர்ந்தால் சில்லு விழுந்துவிடும், இறுகினால் துணி சுருங்கிவிடும். 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது பாகிஸ்தானின் தார்பார்க்கரிலிருந்து கட்ச்சுக்கு வந்து குடியேறிய சோடா, மெக்வார் சமூகத்தினர் போடும் சூஃப் தையல் இதைவிடக் கண்ணை வாட்டும். துணியில் கோடு வரையாமல், மனத்தில் உள்ள வடிவத்தைப் பின்பக்கமிருந்தே, பாவு இழையும் ஊடு இழையும் எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். ஒரு இழை தவறினால் முக்கோணத்தின் முனை மழுங்கிவிடும், பிரித்துத்தான் தைக்க வேண்டும். சிமினி விளக்கில் செய்கிற வேலை இல்லை இது.

அப்படியானால் கைவேலையும் திறந்தவெளியும் பிறவிப் பகையாளிகள், ஒன்றுக்குக் கொடுத்த பகல் மற்றதற்கு இழப்பு என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. அதே மாவட்டத்தின் இன்னொரு துணிவேலை அந்த முடிவை மறுக்கிறது. தமட்காவிலும், 2001 பூகம்பத்துக்குப் பின் தண்ணீரின் தன்மை மாறியதால் உருவான அஜ்ரக்பூரிலும் கத்ரி சமூகத்தார் அச்சிடும் அஜ்ரக் துணி, வெளியிலேயேதான் பிறக்கிறது. துணியை எண்ணெயும் சோடாவும் ஒட்டகச் சாணமும் கலந்த நீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, அலசி, கடுக்காய் நீரில் தோய்த்து, மறுபடி காயவைக்கிறார்கள். துணி மஞ்சளடிக்கிறது. பிறகு சுண்ணாம்பும் பிசினும் குழைத்த பசையால் அச்சு. பழைய இரும்பை வெல்லத்தோடு நாள் கணக்கில் ஊறவைத்த நீர் கறுப்பைத் தரும், படிகாரம் பட்ட இடம் பின்னால் சிவக்கும், அவுரித் தொட்டியில் முக்கியது நீலமாகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் துணி தரையில் விரிந்து வெயில் குடிக்க வேண்டும். நாள் எப்படியிருக்கிறது, காற்று ஈரமா வறட்சியா என்று அச்சுக்காரர் வானத்தைப் பார்த்தபடியேதான் வேலை செய்கிறார். இங்கே வண்ணத்துக்கும் வெளிக்கும் சண்டையே இல்லை, ஒன்றில்லாமல் ஒன்று நடக்காது. ஆனால் இந்த வேலையில் தொட்டியருகே நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சுவரோரம் உட்கார்ந்து தைப்பவர்கள் பெண்கள். பாலைநிலத்தின் பகலை எவருக்கு எவ்வளவு என்று பங்கிட்டது துணியல்ல என்பது இங்கே தெரிகிறது.

தையல் தன்னளவில் சிறை இல்லை. மடியில் அடங்கும் துண்டுத் துணியும் ஒரு நூல்கண்டும் எங்கும் கூட வரும். கிணற்றடிக்கும் வரும், மர நிழலுக்கும் வரும், முகாம் போட்ட இடத்துக்கும் வரும். அலைந்து திரிந்த மக்களிடம் இவ்வளவு நுட்பமான தையல் வளர்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். தையல் பகலைத் தின்ன ஆரம்பிப்பது, இத்தனை ரவிக்கை, இத்தனை பை என்று பிறர் ஒரு கணக்கு வைத்து, அது தீராமல் நீ எங்கும் போகக் கூடாது என்று சொல்லும்போதுதான். அதுவரை கையில் இருந்தது கலை, அதற்குப் பிறகு அது கடன். கடனை எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அது வட்டியோடுதான் வளரும். தேபாரியாப் பெண்கள் தடைக்குப் பின் ரிப்பனுக்குப் போனதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வண்ணமே வேண்டாம் என்றிருந்தால் வெறும் துணியோடு நின்றிருப்பார்கள். கைத்தையல்தான் உயிர் என்றிருந்தால் தடையோடு மல்லுக்கு நின்றிருப்பார்கள். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. ஓர் உடுப்பை ஆண்டுகளில் அல்லாமல் நாட்களில் முடிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

பகலில் ஒரு பங்கு வெளிக்கும் வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெளி, குளிர்கால வெயில், நடை என்று பேசுவதெல்லாம் சம்பளத்தோடு விடுமுறை உள்ளவர்களின் பேச்சு, பாலைநிலத்தில் பெண் வெளியே போவது தண்ணீருக்கும் விறகுக்கும் ஆடுகளின் பின்னாலும்தான் என்பது அந்த மறுப்பு. அதில் பாதி உண்மை. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ராபின் டேவிட்சன் ரபாரிகளோடு நடந்து 1996இல் வெளியிட்ட ‘டெசர்ட் ப்ளேசஸ்’ நூலில் எனக்கு நினைவிருப்பதெல்லாம் அழகான அந்திகள் இல்லை, தூக்கம் கெட்ட இரவுகளும் தீராத அலுப்பும்தான். சின்ன ரண்ணில் அகாரியாக்கள் என்ற உப்புத் தொழிலாளர்கள் உப்பளத்தில் கழிக்கும் குளிர்காலத்தை எவரும் உல்லாசம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அந்த மறுப்பு என் வாதத்தை முழுதாக வீழ்த்துவதில்லை. வெளியில் இருப்பது உழைப்பாக இருக்கும்போதும் அதில் ஒரு அறிவு சேர்கிறது. எந்தப் புல் எப்போது முளைக்கும், எந்தக் கிணறு உவர்ந்துவிட்டது, மேகம் எந்தப் பக்கம் கூடினால் மழை வரும் என்பதெல்லாம் நடந்து பெற்றவை. பூத்தையலில் வரும் ஒட்டகமும் மரமும் மயிலும் தேளும் கண்ணால் கண்டவையாகத்தானே துணிக்கு வந்திருக்கும்? வெளியை இழந்த கை, ஒரு தலைமுறைக்குப் பின் பழைய துணியைப் பார்த்துத்தான் தைக்கும். வடிவம் அப்படியே இருக்கும், பார்வை போயிருக்கும்.

இரண்டாவது மறுப்புக்குத்தான் நான் தடுமாறுகிறேன். தடை என்ற முடிவை எடுத்தவர்கள் சமூகத்தின் பெரியவர்கள். சீர் கேட்கும் வழக்கத்தை நிறுத்துவதை விட்டுவிட்டு, சீராகப் போன கலையை நிறுத்தியது எந்த நியாயம்? நாலு பெண்கள் ஒரு சுவரோரம் உட்கார்ந்து தைக்கும் நேரம், வேறெந்த வேலையும் தராத ஒன்றை அவர்களுக்குத் தந்திருக்கும். அங்கே பேச்சு இருந்தது, போட்டி இருந்தது, இது என் கையால் வந்தது என்ற பெருமை இருந்தது. அதை மொத்தமாக எடுத்தது பெண்ணின் நேரத்தைத் திருப்பிக் கொடுத்ததா, அல்லது அவளிடம் இருந்த ஒரே சொந்த நேரத்தைப் பிடுங்கியதா? விற்பதற்காகத் தைக்கலாம் என்ற விலக்கு இந்தக் கேள்வியை இன்னும் சங்கடமாக்குகிறது. காசு வந்தால் கைத்தையல் சரி, தன் ரவிக்கைக்கு என்றால் தப்பு. தன் சொந்த உடம்பில் தன் கைவேலையை அணியும் உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் ஒரு பெண் பகலைத் திரும்பப் பெற வேண்டுமென்றால், அந்தப் பேரத்தை நல்ல பேரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீர்க்கணக்கு ஒழிந்த பிறகாவது தடை தளர்ந்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

காசுக்குத் தைப்பதை இளக்காரமாகப் பேசுவதும் அநியாயம். 1969இல் வறட்சி வாட்டியபோது சந்தாபென் ஷ்ராஃப் தனேட்டி கிராமத்தில் தொடங்கிய ஷ்ருஜன் அமைப்பு, பெண்களின் தையலுக்குக் கூலியும் மதிப்பும் கிடைக்க வழிசெய்தது. 1993இல் சும்ராசரில் கலா ரக்ஷா என்ற அமைப்பு வந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜூடி ஃப்ரேட்டர் ரபாரிப் பூத்தையலைப் பற்றி விரிவாக எழுதியவர். மழை பொய்த்த ஆண்டில் ஆடு சாகும், ஊசி சாகாது. சம்பாதிக்கும் கைக்கு வீட்டில் வரும் மரியாதை பூவால் மட்டும் வருவதில்லை. ஆனால் சந்தைக்கும் ஒரு நாள்காட்டி இருக்கிறது, அது பாலைநிலத்தின் நாள்காட்டியோடு வந்து மோதுகிறது. 2005இல் தொடங்கிய ரண் உத்சவ் திருவிழா இன்று குளிர்காலம் நெடுகிலும் தோர்தோ கிராமத்துக்கு ஊர்உலகத்தையே அழைத்து வருகிறது. வருகிறவர்கள் பௌர்ணமியில் வெள்ளை ரண்ணில் நடக்கிறார்கள், திரும்பும் வழியில் கடைவரிசையில் பூவேலைப் பை வாங்குகிறார்கள். அவர்களுக்கு வண்ணமும் வெளியும் இரண்டும் கிடைக்கின்றன, கிடைக்கட்டும். தைத்தவளுக்கோ அந்த நல்ல மாதங்கள்தான் ஆர்டர் முடிக்கிற மாதங்கள், கடைப்பலகையின் பின்னால் உட்காரும் மாதங்கள். சீருக்காக வைத்த கணக்கு போய், சீசனுக்காக வைத்த கணக்கு வந்திருக்கிறது. இதில் கூலி உண்டு, அது பெரிய வித்தியாசம். எண்ணுவது மட்டும் மறுபடியும் வேறொருவர்.

ஊசியைக் கீழே வைக்கும் நேரத்தைத் தைப்பவளே தீர்மானிக்க முடியுமா என்பதில்தான் வண்ணத்துக்கும் வெளிக்கும் நடுவே நான் தேடும் சமநிலை இருக்கிறது என்று இதுவரை சொன்னவற்றிலிருந்து தோன்றுகிறது. கலா ரக்ஷா 2005இல் தொடங்கிய வித்யாலயா அந்தத் திசையில் ஒரு முயற்சி. கைவினைஞர்களின் வீடும் வேலையும் கெடாதபடி, ஓராண்டுப் படிப்பை இரண்டிரண்டு வாரமாகப் பிரித்து வைத்தார்கள். வடிவத்தைத் தானே வகுக்கவும் விலையைத் தானே சொல்லவும் பழகினால், கொஞ்சம் தைத்து நிறையப் பெறலாம், மீதிப் பகல் அவளுடையது என்பது அதன் பின்னாலுள்ள நம்பிக்கையாக நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் விலை ஏறியதும் மனிதர் குறைவாக வேலை செய்வார்களா? ஏறிய விலை இன்னும் ஒரு பையைத் தை என்றுதானே சொல்லும்? தேபாரியாக்கள் இதைத் தனித்தனி மனஉறுதிக்கு விடவில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு தவறான இடத்தில், தவறான கைகளால் விழுந்தது என்றே இன்னும் நினைக்கிறேன். கோடே இல்லாமல் ஒரு பெண் தனியாக நின்று தன் குளிர்காலத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்று சொல்லும் துணிவும் எனக்கு வரவில்லை.