போட்டுக்கலாமா, வேண்டாமா?

துருப்பிடித்த ஆணி ஒன்று உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. டி.டி. ஊசி போட்டுக்கொள்வதற்காகத் திருச்சி தில்லைநகரில் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அக்டோபர் மாதம், மழை பிடித்திருந்தது. காத்திருந்தவர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஊசி போடுகிற இடம் என்பது பச்சைத் திரை கட்டிய ஒரு மூலைதான். எனக்கு முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண். ஐந்தாறு மாதம் இருக்கும். கூடவே கணவனும் மாமியாரும்.

அவளுக்கு ஒரு கையில் டி.டி. ஊசி போட்டாகிவிட்டது. மறு கையின் சட்டையை அவளே மடித்து ஏற்றி வைத்திருந்தாள். சுடிதாரின் முழுக்கை, இறுக்கமான தையல். ஒவ்வொரு மடிப்பாக நீவி நீவித் தோள் வரை கொண்டுபோயிருந்தாள். சிஸ்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஃப்ளூ ஊசியும் எழுதியிருக்காங்க. ஆயிரத்துக்கு மேல ஆகும். போட்டுடலாமா?" என்றார்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா, "டாக்டரையே கேட்டுக்கலாமே" என்றார். டாக்டர் திரையை விலக்கித் தலையை நீட்டி, "கட்டாயம்னு இல்ல. போட்டா நல்லது. உங்க இஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்றான் கணவன். "ஆமா, நீயே யோசிச்சுச் சொல்லு" என்றார் மாமியார்.

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா, போட்டுக்கலாமா, வேண்டாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம், மழை வலுக்குது" என்று மாமியார் எழுந்துவிட்டார். அந்தப் பெண் மடித்த கையை இறக்கினாள். ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ அவ்வளவு நேரம் இறக்குவதற்கும் ஆனது.

அந்தக் கை என்னை விடவில்லை. ஊசி வேண்டாம் என்று நினைக்கிற பெண், ஏன் இரண்டாவது கையையும் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்? டாக்டர் எழுதியதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். மனதளவில் பாதி முடிவு எடுத்திருக்கிறாள். மீதிப் பாதிக்கு யாராவது ஒருவர் தலையசைத்தால் போதும் என்று காத்திருந்திருக்கிறாள். நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஒருவேளை டி.டி.யை எந்தக் கையில் போடுவார்கள் என்று தெரியாமல் இரண்டையும் மடித்தாளோ என்னவோ.

நம் வீடுகளில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு எந்த விஷயத்திலும் இஷ்டம் என்ற ஒன்று கிடையாது. பப்பாளி கூடாது. அன்னாசி கூடாது. கிரகணத்தன்று வெளியே வரக் கூடாது. படுத்தபடியே புரளக் கூடாது, எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்பிப் படுக்க வேண்டும். குங்குமப்பூ வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கட்டும், வீடே கூடிவிடும். பக்கத்து வீட்டுக்காரர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பூக்காரம்மா, எல்லோரிடமும் அவளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அப்படி அவள் மூச்சுவிடுவதற்கும் விதி வகுத்த வீடு, இந்த ஒரு கேள்வியில் மட்டும் ஒதுங்கி நின்று, "நீயே யோசிச்சுச் சொல்லு" என்கிறது. இதை அவளுக்குக் கொடுத்த சுதந்திரம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால், "நீதானே போட்டுக்கொண்டாய்" என்றோ "நீதானே வேண்டாமென்றாய்" என்றோ சொல்வதற்கு இடம் வைத்துக்கொள்வதாகத்தான் தெரிகிறது.

எனக்கு ஆறேழு வயது இருக்கும்போது எங்கள் ஊருக்கு அம்மை குத்துகிறவர் வருவார். நாகப்பட்டினத்துக்கு மேற்கே சின்ன கிராமம். அவர் வரப்பில் வரும்போதே செய்தி வந்துவிடும். ஆயா எங்களை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைப்பார். மாரியம்மன் கோபித்துக்கொள்வாள், கை வீங்கும், பிள்ளைக்கு ஜுரம் வரும் என்பது ஆயாவின் பயம். அது வெறும் பயமும் இல்லை. கை வீங்கத்தான் செய்தது, ஜுரம் வரத்தான் செய்தது. ஒருமுறை அம்மா குதிருக்குப் பின்னால் வந்து என்னை இழுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். ஆயா கத்தினார், "புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருடி பதில் சொல்றது?" அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான் பாத்துக்கறேன்" என்றார். என் கையை அவர் பிடித்த பிடி, குத்திய வலியைவிட நன்றாக நினைவிருக்கிறது. அந்த வடு இன்னும் இருக்கிறது. 1977இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. எனக்குப் பின்னால் பிறந்த தலைமுறையின் கையில் அந்த வடு இல்லை.

அம்மாவுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். 1957இல், என் மூத்த அண்ணன் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குக் கடுமையான ஜுரம் வந்தது. ஊரே படுத்துக் கிடந்ததாம். அந்த வருடம் மே மாதத்தில் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் வழியாக 'ஏசியன் ஃப்ளூ' இந்தியாவுக்குள் நுழைந்தது என்பதை மிகப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுக்க 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது வந்ததாகக் கணக்கு. அதே தொற்று அமெரிக்காவுக்குப் போனபோது, மின்னசோட்டா மாநிலத்தில் பிள்ளைபெறும் வயதில் ஃப்ளூவால் இறந்த பெண்களில் பாதிப் பேர் கர்ப்பிணிகளாக இருந்தார்கள். 1960இல் அமெரிக்க அரசு கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ தடுப்பூசியைப் பரிந்துரைத்ததற்கு இந்த அனுபவமே காரணம். கர்ப்பப்பை வளர வளர உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது, நுரையீரலுக்கு இடம் குறைகிறது, இதயம் கூடுதலாக உழைக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் மாறிப்போகிறது. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் போகிற சளி ஜுரம் கர்ப்பிணிக்கு நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

அம்மா பிழைத்தார், அண்ணனும் நன்றாகப் பிறந்தார். பக்கத்துத் தெருவில் ஒருத்தி பிழைக்கவில்லை என்று அம்மா சொல்வார். அது அந்த ஜுரம்தானா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

அதே 1957, அக்டோபர் மாதம், மேற்கு ஜெர்மனியில் ஒரு தூக்க மாத்திரை கடைக்கு வந்தது. தாலிடோமைட். கல்லூரி நாட்களில் ஒரு நூலகத்தில், அட்டை கிழிந்த ஏதோ ஓர் இதழில் அதைப் பற்றிப் படித்தேன். கட்டுரை முழுதும் நினைவில்லை. தோளிலிருந்தே விரல்கள் முளைத்த ஒரு குழந்தையின் படம் மட்டும் அப்படியே நிற்கிறது. கர்ப்பிணிகளுக்கும் மிகப் பாதுகாப்பானது என்று சொல்லி, மசக்கை வாந்திக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள். 1961 நவம்பரில் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற மருத்துவ அதிகாரி, எத்தனை நெருக்குதல் வந்தாலும் ஒப்புதல் தர மாட்டேன் என்று நின்றதால் அந்த நாடு பெரும்பாலும் தப்பித்தது. ஆகவே, "கர்ப்பத்தில் எந்த மருந்தும் வேண்டாம்" என்று ஒரு மாமியார் சொன்னால் அதை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாது. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அந்தப் பயம் இன்னொன்றையும் செய்தது. கர்ப்பிணிகளைப் பாதுகாக்கிறோம் என்று அவர்களை மருந்துச் சோதனைகளுக்கு வெளியே நிறுத்தினார்கள். சோதிக்காததால் தெரியாமல் போனது, தெரியாததால் கொடுக்கத் தயக்கம் வந்தது. கொரோனா காலத்தில் நாம் இதைக் கண்ணால் பார்த்தோம். இந்தியாவில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடலாம் என்று 2021 ஜூலையில்தான் அனுமதி வந்தது. இரண்டாம் அலை ஏப்ரலிலும் மே மாதத்திலுமே வந்து அடித்துவிட்டுப் போயிருந்தது.

ஃப்ளூ ஊசியின் கதை அப்படி இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கர்ப்பிணிகளுக்குப் போட்டு வருகிறார்கள். ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி, அதனால் ஃப்ளூவை வரவழைக்க முடியாது. மூக்கில் தெளிக்கிற வகையில்தான் வலுவிழந்த உயிருள்ள கிருமி இருக்கிறது, அதைக் கர்ப்பத்தில் கொடுப்பதில்லை. கை வலிக்கும், ஒரு நாள் லேசாக ஜுரம் இருக்கலாம். 2012இல் உலக சுகாதார நிறுவனம், இந்தத் தடுப்பூசியில் முதல் முன்னுரிமை கர்ப்பிணிகளுக்கே என்றது. நம் நாட்டு மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபாக்ஸியும் பரிந்துரைக்கிறது. ஆனால் அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் கர்ப்பிணிக்கு டி.டி. மட்டும்தான் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஊசி 'போட வேண்டிய ஊசி' ஆகிவிடுகிறது. காசு கொடுத்துப் போடுகிற ஊசி 'உங்க இஷ்டம்' ஆகிவிடுகிறது.

என் மனதை அசைத்தது டாக்காவில் நடந்த ஆய்வு. 2008இல் வெளியானது. 340 தாய்மார்கள், எல்லோரும் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள். ஒரு பாதிக்கு ஃப்ளூ ஊசி, மறுபாதிக்கு வேறொரு தடுப்பூசி. பிறந்த பிள்ளைகளை ஆறு மாதம் கவனித்தார்கள். ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளில் ஃப்ளூ உறுதியானது 6 பேருக்கு, மற்றக் குழந்தைகளில் 16 பேருக்கு. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அந்த ஆறு மாதத்துக்கு அதற்குக் கிடைக்கக்கூடிய முக்கியமான காப்பு, தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சேர்வதுதான். அப்படியானால் அந்தப் பெண் மடித்து வைத்திருந்த கை அவளுடையது மட்டும் இல்லை. அதனால்தான் அவளுக்குத் தனியாக முடிவெடுக்கத் தயக்கமாக இருந்ததோ?

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஊசி எல்லா வருடமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கிருமி மாறிக்கொண்டே இருக்கிறது; பொருந்தி வருகிற வருடங்களில்கூட மருத்துவரிடம் போகிற அளவு ஃப்ளூ வரும் வாய்ப்பைச் சுமார் 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். 2017இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு, அடுத்தடுத்து இரண்டு வருடம் போட்டுக்கொண்ட பெண்களிடம் கருச்சிதைவு கூடுதலாகத் தெரிவதாகச் சொன்னது. அதே குழுவினர் இன்னும் பெரிய அளவில் திரும்பச் செய்து 2019இல் வெளியிட்டபோது அந்தத் தொடர்பு காணப்படவில்லை. இரண்டையும் படித்துவிட்டு எனக்கு நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை. சந்தேகம் வந்ததும் மறைக்காமல் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த டாக்டரை நினைத்தாலும் கோபம் வரவில்லை. உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகக் கலைந்துவிடுகின்றன, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். ஊசி போட்ட மறுவாரம் அப்படி ஒன்று நடந்தால், ஊசியால் இல்லை என்று எந்தக் குடும்பம் கேட்கும்? உறவுக்கூட்டம் வாசலில் வந்து நிற்கும். "உங்க இஷ்டம்" என்பது அவருக்கு ஒரு கவசம். ஆனால் அவர் கவசம் போட்டுக்கொண்டார், கணவன் போட்டுக்கொண்டான், மாமியாரும் போட்டுக்கொண்டார். கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் ஒன்றும் இல்லை.

இங்கே நான் தடுமாறுகிறேன். என் அம்மா என்னைக் கேட்கவில்லை, இழுத்துப் பிடித்தார். நான் குழந்தை, அது சரி. இவள் படித்த, வளர்ந்த பெண். அவள் உடம்பைப் பற்றி அவளே முடிவெடுக்க வேண்டும் என்றுதான் நானும் என் வயதுப் பெண்களும் இத்தனை காலம் வாதாடினோம். இப்போது அந்த முடிவை அவள் கையில் கொடுத்தால், தனியாக விட்டுவிட்டார்கள் என்று வருந்துகிறேன். அவள் சார்பில் முடிவெடுப்பதற்கும் அவளைத் தனியே விடுவதற்கும் நடுவே ஓர் இடம் இருக்க வேண்டும். "எனக்குத் தெரிந்தது இது, நானாக இருந்தால் இப்படிச் செய்வேன், நீ எது செய்தாலும் பதில் சொல்ல நானும் நிற்பேன்" என்கிற இடம். அது எவ்வளவு அகலம், எங்கே அது அதிகாரமாக மாறுகிறது என்பது எனக்குத் தெளியவில்லை.

அவளுக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய பதிலில் மட்டும் குழப்பம் இல்லை: போட்டுக்கோம்மா. முன்பின் தெரியாத ஒருத்தியாக அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்டால் பதில் இல்லை. அவள் பிறகு போட்டுக்கொண்டாளா என்பதும் தெரியாது.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். அவள் கேட்கத் தயங்குவதை டாக்டரிடம் நீங்கள் கேளுங்கள். அவள் எடுக்கிற முடிவு எதுவானாலும் அது நம் எல்லோருடைய முடிவு என்று அவள் காதுபட வீட்டில் சொல்லிவிடுங்கள். மழைக்காலம் தமிழ்நாட்டில் ஃப்ளூ கூடுகிற காலம். ஊசி போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும்.