எண்ணப்படும் புலமை

ஓர் ஆய்வாளனின் பெறுமதியை அவன் வெளியிட்ட கட்டுரைகளின் தொகை காட்டிவிடுமா என்னும் வினா இன்று பல்கலைக்கழகங்களின் அன்றாட வினாவாகிவிட்டது. யூஜின் கார்ஃபீல்ட் என்பார் 1964 இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோட் சுட்டி, யார் யாரை எத்தனை முறை எடுத்தாண்டனர் என்று எண்ணுதற்கு வழிசெய்தது. 2005 இல் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் ஒருவரது வாழ்நாட் புலமையையே ஒற்றை எண்ணில் அடக்கிக் காட்டினார். இலங்கையிலும் பேராசிரியர் பதவிக்கான புள்ளித் திட்டத்தில் ஆய்வு வெளியீடுகளுக்கு இடமுண்டு.

இவ்வளவுகோலைச் சோதித்தற்கு எல்லப்பிரகட சுப்பாராவின் வாழ்வு மிகப் பொருத்தமானது. 1895 இல் ஆந்திரத்துப் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்று, அமெரிக்கா சென்ற அவர், ஹாவாட் பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1925 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை நிறத்தின் செறிவு கொண்டு அளக்கும் முறை பற்றியது அது. உயிர் இரசாயனத்தில் மிகப் பலமுறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் அது ஒன்று. ஆயின் அது ஒரு கருவி. தராசைப் பயன்படுத்துவோர் யாவரும் தராசு செய்தவனைக் குறிப்பிடுவது போன்றதே அம்மேற்கோள்.

ஹாவாட் அவருக்கு நிரந்தரப் பதவி வழங்கவில்லை. 1940 இல் லெடர்லி மருந்து நிறுவனத்திற் சேர்ந்த அவரது வழிகாட்டலில் ஃபோலிக் அமிலம் தொகுத்தாக்கப்பெற்றது. 1946 இல் அது பற்றி வெளிவந்த கட்டுரையில் அவர் பதினாறு பெயர்களுள் ஒருவர். உயிரணுக்கள் பெருகுதற்கு அவ்வமிலம் இன்றியமையாதது. அதனைப் போன்ற உருவங்கொண்டு, அதன் தொழிலை மறிக்கும் பொருளொன்றைக் கொடுப்பின், கட்டுமீறிப் பெருகும் வெண்குருதிப் புற்றுநோய் அணுக்கள் பட்டினியுறும். அத்தகைய அமினொப்டெரின் லெடர்லியிலிருந்து பொஸ்ரன் நகரத்துச் சிட்னி ஃபார்பரிடம் சென்றது. 16 குழந்தைகளுக்கு அதனைக் கொடுத்ததில் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததென 1948 ஜூன் 3 இல் ஃபார்பர் குழுவினர் அறிவித்தனர். அக்கட்டுரையின் ஆசிரியர் ஐவருள் சுப்பாராவ் இல்லை. இதனைக் களவென்று கூறுதல் தவறு. நோயாளரைப் பார்த்தவர்கள் எழுதிய மருத்துவ அறிக்கை அது. எனினும் பொசுபரசை அளந்ததற்குச் சுட்டி அவருக்கு வழங்கும் எண்ணிக்கை பெரிது. குழந்தைகளின் நோய் தணிந்ததற்கு அது அவருக்கு வழங்குவதோ ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணத்தார்க்கு இது புதுமையன்று. சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அந்நூலிலிருந்து மேற்கோள் தருவோர் பலர். சுவடி தேடி அதனை அச்சேற்றியவரை நினைவுகூர்வோர் சிலரே.

அவ்வாறாயின் எண்ணிக்கையை அறவே விலக்கலாமோ? விலக்குதல் எளிதன்று. எண் இல்லாத இடத்தில் சிபாரிசும் உறவும் வந்து அமரும். தலைநகரில் ஆளறியாத ஓர் இளம் விரிவுரையாளர்க்கு, குறையுடையதாயினும், அந்த எண்ணே துணை. நண்பர் குழாம் தம்முள் மாறி மாறி மேற்கோள் காட்டி அதனையும் பெருக்கிக்கொள்ளலாம் என்பது வேறு விடயம். சுப்பாராவ் புகழை நாடாதவர் என்பர். அவ்வடக்கம் போற்றத்தக்கதே, ஆனால் தலைவர் தம் பெயரைத் துறக்குமிடத்தில், அவர்கீழ்ப் பணிபுரியும் உதவியாளர் தம் பெயரைக் கேட்டுப் பெறுவது எங்ஙனம் என்பதும் சிந்திக்கற்பாலது.

அமினொப்டெரினின் வழிவந்த மெதொட்ரெக்சேற் இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் அம்மருந்து ஏற்றப்படும் ஒருவர் அதன் பின்னுள்ள பெயர்களை அறியவேண்டிய கடப்பாடு இல்லை. அக்கடப்பாடு அதுபற்றி எழுதுவோர்க்கே உரியது. எந்தச் சுட்டியும் அதனை அவர்களுக்காக நிறைவேற்றித் தராது.

1948 ஓகஸ்ட் மாதத்தில், ஃபார்பரின் கட்டுரை அச்சேறி இரண்டு மாதம் கழிந்த வேளை, சுப்பாராவ் காலமானார். ஐந்தாண்டின் பின் லெடர்லி ஆய்வாளர் ஒருவர் தாம் விவரித்த பூஞ்சண இனமொன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டார்.