முயற்சியோ, அருளோ?

துன்பத்தில் வீழ்ந்தவன் கரையேறுவது தன் கைவலிமையாலா, அன்றித் திருவருளாலா என்னும் விவாதம் சாஸ்திரங்களில் எவ்வளவு பழையதோ, அவ்வளவு உக்கிரமாக நாவல்களிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

டானியல் டீபோ 1719-இல் வெளியிட்ட ராபின்ஸன் குருஸோவை முயற்சியின் காவியம் என்றே பலரும் கொண்டாடுவர். ஆளரவமற்ற தீவில் 28 ஆண்டுகள் வீடும் வேலியும் தோணியும் தானே சமைத்து வாழ்ந்தவனை வேறெப்படிக் கொண்டாடுவது? ஆயினும், கோழித்தீனிப் பையில் பதரும் தூசுமே மிஞ்சியிருப்பதாக எண்ணி அதைப் பாறையோரம் அவன் உதறிவிட, சில வாரங்களில் அங்கே பார்லி முளைத்துக் கதிர்விடக் கண்டு, இது தெய்வத்தின் அற்புதமே என்று கண்ணீர் மல்கியதையும், பையை உதறியது நினைவுக்கு வந்ததும் அந்தப் பக்தி சற்றே தணிந்துபோனதையும் டீபோ மறைக்காமல் எழுதுகிறார். காரணம் தெரிந்துவிட்டால் காருண்யம் பொய்யாகிவிடுமா? எலி தின்று மீந்த பத்துப் பன்னிரண்டு மணிகள் நிழலான இடம் பார்த்து விழுந்தது யார் செயல் என்று பிற்பாடு குருஸோவே சிந்திக்கிறான்.

ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திர'த்திலோ, மகனையும் பொருளையும் இழந்து, மனைவிமீது எழுந்த அபவாதத்தால் நிலைகுலைந்த முத்துஸ்வாமி ஐயருக்கு அருள் சச்சிதானந்த ஸ்வாமிகள் என்னும் குருவடிவில் வாய்க்கிறது. வேதாந்தியின் நாவலில் இது எதிர்பார்க்கக்கூடியதே.

சுத்தானந்த பாரதியாரின் 'ஏழைபடும் பாடு' வாயிலாக நம்மவர் அறிந்த ழான் வால்ழானின் கதைதான் என்னை நெடுநேரம் நிறுத்திவைப்பது. ரொட்டி திருடியதில் தொடங்கி 19 ஆண்டுகள் சிறையில் கிடந்து வெளிவந்தவன், சோறிட்ட பிஷப்பின் வெள்ளிச் சாமான்களையே திருடிப் பிடிபட, அவரோ அவை தாம் கொடுத்தவை என்று கூறி, விளக்குத் தண்டுகளையும் சேர்த்துத் தருகிறார். இத்தகைய கருணையைப் பெற்ற அன்றே, வழியில் வந்த ஒரு சிறுவனின் வெள்ளிக்காசின்மேல் காலை ஊன்றிக்கொண்டு அவனை அழ அழ விரட்டுகிறான் வால்ழான். மகான் தொட்டமாத்திரத்தில் பாவி புனிதனாகும் கதைகள் எனக்கு ருசிப்பதில்லை. இந்தத் தடுமாற்றத்தை வைத்ததனாலேயே விக்டர் ஹ்யூகோவை நான் நம்புகிறேன்.

ஆனால் அதே நாவலில் ழாவேர் என்னும் போலீஸ் அதிகாரிக்கும் அருள் கிட்டுகிறதே! பல்லாண்டு தான் துரத்திய வால்ழானே தன்னை உயிரோடு விட்டுவிட்டதைத் தாங்கமாட்டாமல் அவன் ஸேன் நதியில் குதித்து மாள்கிறான். பக்குவமில்லாதவனுக்கு அருள் பயன்படாது என்று நம் சித்தாந்திகள் சமாதானம் சொல்லக்கூடும். அப்படியானால், சிறுவனின் காசை மிதித்து நின்றவனிடம் அது என்ன பக்குவத்தைக் கண்டதாம்?