துல்லியமும் உண்மையும்

பிழையின்றிச் செய்தல் என்பதும் பிழையானதைச் செய்யாதிருத்தல் என்பதும் ஒன்றெனவே பொதுவாகக் கருதப்படுகின்றன. அன்றாட வாழ்வில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணவேண்டிய தேவை அரிதாகவே எழுகின்றது. ஆயின், மனிதக் கரங்கள் ஆற்றிவந்த நுண்வேலைகளைக் கணனியின் ஆணைக்குட்பட்ட பொறிகள் ஏற்றுக்கொண்ட இக்காலத்தில், இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியாக அமையாது, அறவியற் பிரச்சினையாகவே வடிவெடுத்துள்ளது.

'துல்லியம்' என்ற சொல்லே இவ்வாராய்வுக்குத் தக்க தொடக்கமாகும். துலாக்கோலைக் குறிக்கும் 'துலா' என்னும் வடசொல்லின் அடியாகப் பிறந்த இச்சொல், ஒத்தது, சமமானது என்னும் பொருளுடையது. துல்லியமானது எனின் ஏதோவொன்றுக்குச் சமமானது என்பதே கருத்து. எதற்குச் சமமானது என்ற வினாவைத் துல்லியம் தானாக எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பவேண்டியவர் யார் என்பதே இங்கு ஆராயப்படுவது.

சாணை பிடித்தல் மிகப் பழைய தொழில். கடினமான துகள்களைக் கொண்டு ஒரு பரப்பைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, வேண்டிய வடிவுக்குக் கொண்டுவருதலே அதன் சாரம். கைவினைஞன் தேய்ப்பான், நிறுத்துவான், அளந்து பார்ப்பான், மீண்டும் தேய்ப்பான். எவ்விடத்தில் எவ்வளவு நேரம், எத்துணை அழுத்தத்துடன் தேய்ப்பது என்பதை அவனது அநுபவமே தீர்மானித்தது. கணனிக் கட்டுப்பாட்டு முறையிலும் இந்த ஒழுங்கு மாறவில்லை. அளவைக் கருவி பரப்பின் மேடுபள்ளங்களைக் கண்டு கூறுகின்றது. கணனி அவற்றை வேண்டிய வடிவுடன் ஒப்பிட்டு, மேடான இடங்களில் தேய்கருவி கூடுதலான நேரம் தங்குமாறு அதன் பாதையை வகுக்கின்றது. பின்னர் மீண்டும் அளத்தல், மீண்டும் தேய்த்தல். மாறியது யாதெனில், தீர்ப்பு வழங்கும் இடமே. கைவினைஞனின் கண்ணிலும் விரலிலும் இருந்த தீர்ப்பு எண்களாக மாறி, கருவிக்கும் கணனிக்கும் இடையிலான உரையாடலாயிற்று.

இம்மாற்றத்தின் அறவியற் பொருளை உணர்த்துவதற்கு ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் வரலாற்றினும் சிறந்த உதாரணம் காண்டல் அரிது. 2.4 மீற்றர் விட்டமுடைய அதன் முதன்மை ஆடியை, ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில் இயங்கிய பேர்க்கின்-எல்மர் நிறுவனம், கணனிக் கட்டுப்பாட்டுப் பொறியைக் கொண்டு 1979 முதல் 1981 வரை மினுக்கியது. அக்காலத்தில் இவ்வளவு பெரிய ஆடியொன்று இத்துணை ஒப்புரவாக மினுக்கப்பட்டமை அரிய சாதனையாகவே மதிக்கப்பட்டது. 1990 ஏப்ரலில் தொலைகாட்டி விண்ணிற் செலுத்தப்பட்டது. சில வாரங்களில் உண்மை வெளிப்பட்டது. விண்மீன்கள் கூர்மையான புள்ளிகளாகத் தோன்றாது, ஒளிவட்டம் சூழ்ந்த மங்கல்களாகத் தோன்றின. ஆடியின் விளிம்பு இருக்கவேண்டியதிலும் ஏறத்தாழ 2.2 மைக்ரோமீற்றர் தட்டையாக இருந்தது. இது மனிதத் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகும்.

இங்குப் பொறி தவறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. தனக்குக் கொடுக்கப்பட்ட அளவுக்கு இம்மியும் பிசகாது அது ஆடியை மினுக்கியிருந்தது. கொடுக்கப்பட்ட அளவே தவறானது. ஆடியின் வளைவைச் சோதித்த ஒளியியற் கருவியில் இரண்டு சிறிய ஆடிகளும் ஒரு வில்லையும் இருந்தன. அவற்றின் இடைத்தூரத்தைக் குறிப்பதற்கு ஓர் அளவுகோல் பயன்படுத்தப்பட்டது. அக்கோலின் முனையில் இடப்பட்ட மூடியில், ஒளி தெறிக்காவண்ணம் பூசப்பட்ட பூச்சு ஓரிடத்தில் உரிந்திருந்தது. லேசர் ஒளி கோலின் முனையிற் பட்டுத் தெறிப்பதற்குப் பதிலாக, மூடியிற் பட்டுத் தெறித்தது. அதனால் வில்லை 1.3 மில்லிமீற்றர் விலகி அமைந்தது. அவ்விடத்திற்கு வில்லையைக் கொண்டுவர அதன் தாங்கி இடந்தராதபோது, சிறு வளையத் தகடுகளைச் செருகி அது கீழிறக்கப்பட்டது. கருவி 'பொருந்தமாட்டேன்' என்று கூறிய அந்தக் கணத்தில், ஏன் பொருந்தவில்லை என்று எவரும் நின்று கேட்கவில்லை.

அதனினும் பாரதூரமான உண்மை பிறிதொன்று. வேறு இரு சோதனைக் கருவிகள் ஆடியிற் பிழையுண்டு என்பதைக் காட்டவே செய்தன. ஆயின், அவை பிரதான கருவியிலும் துல்லியம் குறைந்தவை என்ற காரணத்தால் அவற்றின் சாட்சியம் புறக்கணிக்கப்பட்டது. மிகத் துல்லியமான கருவி பொய் கூறியது. துல்லியம் குறைந்த கருவிகள் மெய் கூறின. துல்லியத்தையே உண்மையின் அளவுகோலாகக் கொண்டவர்கள் பொய்யைத் தெரிந்தெடுத்தனர்.

இத்தவறுக்குப் பொறுப்பாளி யார்? பொறி எனக் கூறுவது பொருந்தாது. தெரிவு செய்ய இயலாத ஒன்றின்மீது பழியைச் சுமத்தல் அறவியலுக்கு ஒவ்வாது. தகடுகளைச் செருகிய தொழில்வல்லுநர் எனின், அதுவும் அரைகுறையான விடையே. லூ அலன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1990 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை இவ்விடத்து நோக்கற்பாலது. ஆடியை ஆக்கிய பிரிவு ஏனையோரின் மேற்பார்வையின்றித் தனித்து இயங்கியது. நிறுவனத்தில் இருந்த ஒளியியல் அறிஞரின் துணையை அது நாடவில்லை. முரணான பெறுபேறுகள் உரியவாறு மேலிடத்துக்கு எட்டவில்லை. செலவும் காலக்கெடுவும் யாவரையும் நெருக்கின. தொலைகாட்டி முழுவதையும் ஒருசேரச் சோதிக்கும் சோதனை செலவு கருதிக் கைவிடப்பட்டிருந்தது. ஐயங்கொள்ளுதல் எவருடைய கடமையாகவும் வகுக்கப்படவில்லை என்பதே இவற்றின் தொகுமொத்தம். வேலை பகுக்கப்பட்டபோது பொறுப்பும் பகுக்கப்பட்டது. பகுக்கப்பட்ட பொறுப்பு எவர் கையிலும் எஞ்சவில்லை.

இதிலிருந்து, கைவினைக்கு மீளுதலே வழி என்று முடிவுகட்டுவோரும் உளர். மாற்று ஆடியொன்றைக் கொடாக் நிறுவனம் மரபுவழி முறையில் மினுக்கியமையை அவர்கள் சான்றாகக் காட்டக்கூடும். பயன்படுத்தப்படாத அவ்வாடி வாஷிங்ரனில் உள்ள தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. ஆயின், இவ்வாதம் மேலோட்டமானது. பிழையான அளவுகோலை நம்பித் தேய்க்கும் கையும் பிழையான வடிவையே தரும். பழமையின்மீது கொள்ளும் ஏக்கம் அறவியல் ஆகாது. கணனி மனிதனிடமிருந்து உழைப்பின் களைப்பைப் போக்குமாயின் அது வரவேற்கத்தக்கதே. பிரச்சினை, களைப்புடன் சேர்த்து ஐயத்தையும் அது போக்கிவிட்டதாக மனிதன் எண்ணிக்கொள்வதிலேயே உள்ளது. கைவினைஞன் ஒவ்வொரு முறையும் நிறுத்தி நோக்கியபோது, 'நான் செய்வது சரியா' என்ற வினா வேலையின் ஓர் அங்கமாகவே இருந்தது. பொறி இடைவிடாது இயங்குகையில் அவ்வினாவுக்கு இயல்பான இடமில்லை. அதற்கு இடத்தைத் திட்டமிட்டே அமைத்தல் வேண்டும்.

அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலில் ஆக்கத்திறனையும் செயல் விவேகத்தையும் இருவேறு அறிவுகளாகப் பிரித்தார். முன்னையது பொருளை எவ்வாறு ஆக்குவது என்பதை அறியும்; பின்னையது எது செய்யத்தக்கது என்பதை அறியும். இன்றைய பொறிகள் முதலாவதன் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டுள்ளன. இரண்டாவதை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டதாக எண்ணுதல் மயக்கம். சான்றோரைத் துலாக்கோலுக்கு ஒப்பிட்ட வள்ளுவரின் கருத்தும் இங்கு நினைக்கத்தக்கது. பிறவற்றை நிறுக்குமுன் கோல் தானே கோணாது நிற்றல் வேண்டும். நிறுக்கும் கோலை நிறுப்பது எது என்ற வினாவை மறந்த சமுதாயம் எத்துணை நுட்பமாக நிறுத்தாலும் நீதி வழங்கியதாகாது. பரீட்சைப் புள்ளிகளுக்கும் புள்ளிவிபரங்களுக்கும் இது பொருந்தும். தசமதானங்கள் கூடுவதால் மட்டும் ஓர் அளவீடு நேர்மையடைவதில்லை.

ஹபிளின் கதை தோல்வியில் முடியவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, ஆடியின் பிழைக்கு நேரெதிரான பிழையுடைய சிறு ஒளியியற் கருவிகளைப் பொருத்தினர். பார்வை தெளிந்தது. பிழை ஒழுங்கானதாக இருந்தமையாலேயே அதனை ஒழுங்காகத் திருத்தவும் முடிந்தது. இது துல்லியத்தின் பெருமையே. ஆயின், அத்திருத்தத்திற்கு முன் ஒன்று நிகழவேண்டியிருந்தது. பிழை நேர்ந்தது என்பதை மனிதர்கள் ஒப்புக்கொண்டு, அதன் மூலத்தைத் தேடிச் சென்று, கண்டதை மறைக்காது எழுதவேண்டியிருந்தது. அவ்வேலையை எப்பொறியும் செய்யவில்லை. தேய்ப்பதைப் பொறியிடம் விடலாம், அளப்பதையும் விடலாம். அளவுகோலை ஐயுறும் கடமை மட்டும் என்றும் மனிதனுடையதே.